கழுதைக்கும் மாட்டுக்கும் பொதிச்சேணம்: டெல்டாவில் புதிதாகத் தொடங்குவோருக்கு

கொள்ளிடப் படுகையில் வாழை போட்டிருப்பவருக்கும், வரப்பைத் தவிர வேறு வழியில்லாத உள்வயலுக்கு எரு கொண்டுபோக வேண்டியவருக்கும் பொதி சுமக்கும் ஒரு பிராணி இன்றும் உதவும். டிராக்டர் இறங்காத இடத்தில் அது இறங்கும். பிராணியை வாங்கிவிடலாம். சேணம்தான் கடையில் கிடைக்காது, வீட்டில்தான் செய்தாக வேண்டும். பழைய சாக்கை நாலாக மடித்து முதுகில் போட்டுக் கயிற்றால் கட்டிவிட்டால் ஒரு வாரத்தில் முதுகுப் புண், அதற்குப்பின் இரண்டு மாதம் வேலை இல்லை. அந்த இரண்டு மாதம் உங்களுக்கு மிச்சமாகட்டும் என்றுதான் இந்தக் கட்டுரை. கழுதைச் சேணத்தை முழுதாகவும், மாட்டுக்கு என்ன மாற வேண்டும் என்பதைச் சுருக்கமாகவும் சொல்லியிருக்கிறது.

படிக்கும்போது ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். தலையில் வைக்கும் சும்மாடு நடுமண்டையில் உட்கார்ந்து பாரத்தை வாங்கும். பொதிச்சேணத்துக்கு அந்த வேலை இல்லை. முதுகெலும்பின் மேல் எதுவும் படாமல், பாரத்தை இரண்டு பக்க விலாவுக்கும் பிரித்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. கீழே வரும் எல்லா அளவும் இதிலிருந்து வருவதுதான்.

1. எப்போது தொடங்குவது

மாசி மாதம். சம்பா, தாளடி அறுவடை முடிந்து நல்ல காய்ந்த வைக்கோல் கிடைக்கும். மேட்டூர் அணையை வழக்கமாக ஜனவரி 28-இல் மூடி ஜூன் 12-இல் திறப்பார்கள், அதனால் இடைப்பட்ட மாதங்களில் வாய்க்காலும் வரப்பும் காய்ந்து கிடக்கும். பிராணியைப் பழக்க அதுதான் தோதான நேரம். ஐப்பசி, கார்த்திகை மழையில் புதிதாக எதையும் தொடங்காதீர்கள். கழுதையின் ரோமம் குதிரையுடையதைப் போலத் தண்ணீரை வழியவிடாது, ஊறிப்போகும். ஈர முதுகில் சேணம் வைத்தால் தோல் அன்றைக்கே உரியும். சேற்றிலேயே நிற்கும் குளம்பும் அழுகும்.

ஒரு வேலையை மட்டும் எல்லாவற்றுக்கும் முன்னால் முடியுங்கள். சேணத்தின் மரச்சட்டத்துக்கு இரண்டு பூவரசங் கவைகளை, அதாவது இரண்டாகப் பிரியும் கிளைகளை, வெட்டிப் பட்டை உரித்து நிழலில் போட்டுவிடுங்கள். காய 3 முதல் 4 வாரம் ஆகும். அவசரப்பட்டு வெயிலில் போட்டால் கவை பிரியும் இடத்திலேயே வெடிக்கும், மறுபடி வெட்ட வேண்டும். கவை காயும் நேரத்தில் பிராணியையும் காகிதங்களையும் பார்த்துக்கொள்ளலாம். மெத்தை தைக்க 3 நாள், பொருத்திச் சரிபார்க்க 1 நாள், பிராணி பழக 3 வாரம். ஆக, மாசி முதல் வாரம் தொடங்கினால் சித்திரையில் முழுப் பொதி ஏற்றலாம்.

2. பிராணியை வாங்குவது

கழுதை 4 வயதுக்குக் குறையக்கூடாது. எலும்பு முற்றாத முதுகில் பாரம் ஏற்றினால் முதுகு நிரந்தரமாகக் குழிந்துவிடும். முன்வரிசைப் பற்களில் ஓரப்பல் முளைக்க நாலரை, ஐந்து வயதாகும், அதைப் பார்த்து வயதைச் சொல்லலாம். பார்க்கத் தெரியாவிட்டால் கால்நடை மருத்துவரை உடன் அழைத்துப் போங்கள். கழுதைப்பாலுக்குக் கிராக்கி இருப்பதால் பெட்டைக்கு விலை கூடுதல், பொதிக்குக் காயடித்த ஆண் போதும். காயடிக்காத ஆண் கடிக்கும், பெட்டையைக் கண்டால் பொதியோடு ஓடும்.

முதுகைக் கையால் தடவிப் பாருங்கள். வெள்ளை ரோமத் திட்டு எங்கே இருக்கிறதோ அங்கே முன்பு சேணம் அழுத்திப் புண் ஆகியிருக்கிறது என்று பொருள். தழும்பு தட்டையாக இருந்தால் வாங்கலாம், அந்த இடத்தைக் குறித்துக்கொண்டு மெத்தையில் அங்கே மட்டும் குழிவு விடலாம். தழும்பு கட்டியாகத் தடித்திருந்தால் வேண்டாம்.

ஒற்றைக் கழுதை வாங்குவதுதான் புதியவர்கள் செய்யும் பெரிய தப்பு. கழுதை துணையோடு வாழும் பிராணி. பிரித்துக் கொண்டுவந்தால் தீனி எடுக்காமல் படுத்துவிடும். பழகிய சோடியாக வாங்குங்கள். செலவு இரட்டிப்பாகும் என்பதை முதலிலேயே கணக்கில் சேர்த்துவிடுங்கள். அறிமுகம் இல்லாத வியாபாரியைவிடத் தலைமுறையாகக் கழுதை வைத்திருக்கும் சலவைத் தொழில் குடும்பங்களிடம் விசாரிப்பது மேல். எந்தப் பிராணி எந்தப் பக்கம் சாயும், எதற்கு மிரளும் என்பது வரை சொல்லிக் கொடுப்பார்கள். அந்தத் தகவலுக்கே தனி விலை உண்டு.

மாடு என்றால் நம் பகுதிக்கு உம்பளச்சேரி இனம். உடல் அடக்கமானது, சேற்றில் நடக்கப் பிறந்தது. ஆனால் ஏருக்கும் வண்டிக்கும் பழகிய மாட்டுக்குக் கழுத்துத்தான் காய்ப்பேறியிருக்கும், முதுகு பச்சைப்பிள்ளை முதுகு மாதிரி. அதையும் முதலிலிருந்துதான் பழக்க வேண்டும்.

3. காகிதங்கள்

விற்பனைச் சீட்டு: வெள்ளைத்தாளில் எழுதினாலும் போதும், ஆனால் எழுதாமல் விடாதீர்கள். தேதி, விலை, பாலினம், நிறம், வயது, உடலில் உள்ள சுழி, தழும்பு, இரு தரப்பின் கையெழுத்து, ஒரு சாட்சி. இரண்டு பக்கவாட்டிலும் முகத்துக்கு நேராகவும் 3 போட்டோ எடுத்து அதோடு வையுங்கள். மாட்டுக்குக் காதில் 12 இலக்க வில்லை இருக்கும், அந்த எண்ணைச் சீட்டில் எழுத வேண்டும். கழுதைக்கு வில்லை பெரும்பாலும் இருக்காது, அடையாளக் குறிப்பும் போட்டோவும்தான் சாட்சி.

பயணச் சான்று: லாரியிலோ மினி வேனிலோ ஏற்றினால், பிராணி பயணத்துக்குத் தகுதியானது என்று கால்நடை மருத்துவர் கொடுத்த சான்று கையில் இருக்க வேண்டும். 1978-ஆம் ஆண்டின் விலங்குப் போக்குவரத்து விதிகள் இதைக் கேட்கின்றன. ஞாயிற்றுக்கிழமை சந்தையில் வாங்கிவிட்டு மருத்துவரைத் தேடி அலையாதீர்கள். வாங்குவதற்கு முதல்நாளே விற்பவர் ஊர் கால்நடை மருந்தகத்தில் பேசி வையுங்கள்.

காப்பீடு: தேசிய கால்நடை இயக்கத்தின் காப்பீட்டில் கழுதையும் சேரும். 2024-இல் செய்த மாற்றத்தின்படி பிரீமியத்தில் பயனாளி கட்டுவது 15 சதவீதம். மாவட்டக் கால்நடை பராமரிப்புத் துறை அலுவலகத்தில் அந்த ஆண்டு ஒதுக்கீடு இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போங்கள். பிராணி இறந்தால் பிரேதப் பரிசோதனை அறிக்கை இல்லாமல் பணம் வராது. புதைத்துவிட்டுத் தகவல் சொன்னால் பாலிசி வெறும் காகிதம்.

பாரத்துக்கான சட்ட வரம்பு: 1965-ஆம் ஆண்டின் இழுவை, பொதி விலங்குகள் வதைத் தடுப்பு விதிகள்படி கழுதைக்கு 50 கிலோ. மாட்டில், உடல் எடை 200 கிலோ வரை உள்ள சிறிய மாட்டுக்கு 100 கிலோ, 200-க்கு மேல் 350 வரை உள்ளதற்கு 150 கிலோ, அதற்கும் மேலுள்ளதற்கு 175 கிலோ. ஒரு நாளில் மொத்தம் 9 மணி நேரத்துக்கு மேலும், ஓய்வில்லாமல் தொடர்ந்து 5 மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக்கூடாது. வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் பகல் 12 முதல் 3 வரை ஏற்றக்கூடாது. கத்திரி வெயிலில் டெல்டா முழுவதும் அந்தக் கணக்கில் வந்துவிடும். 50 கிலோ என்பது உச்ச வரம்பு. நம் ஊர்க் கழுதை சிறியது, சேணத்தையும் சேர்த்து 40 கிலோவோடு நிறுத்துவது நல்லது.

யாராவது ஆற்று மணல் சுமக்க வாடகைக்குக் கேட்டால் மறுத்துவிடுங்கள். அனுமதியில்லாத மணலைக் கழுதையில் ஏற்றினாலும் வழக்குத்தான். வழக்கு உங்கள் பேரில் வரும், பிராணியும் கைவிட்டுப் போகும்.

4. சாமான்களும் செலவும்

ஒரு கழுதைக்கு: 50 கிலோ சணல் சாக்கு 4, பழைய பருத்தி வேட்டி 1, வைக்கோல் 3 கிலோ, கோணி ஊசி, சணல் நூல், கட்டில் நாடா 10 மீட்டர், இரும்பு வளையம் 6, பூவரசங் கவை 2, பக்கப் பலகை 2, நூல்கயிறு 8 மீட்டர்.

சாக்கும் நாடாவும் சில நூறு ரூபாய்க்குள் முடியும். பணம் போகும் இடம் ஆசாரி கூலி. ஒரு முழுநாள் கூலி ஆயிரம் ரூபாய்க்குக் குறையாது. கவை, பலகை, முதுகை அளவெடுத்த கம்பி மூன்றையும் தயாராக வைத்துக்கொண்டு கூப்பிட்டால் அரை நாளில் முடித்துவிடுவார். சாமான் தேட அவரை உட்கார வைத்தால் இரண்டு நாள் கூலி.

வைக்கோலில் கவனம் வேண்டும். மிஷின் அறுத்துக் கட்டிய உருளை வைக்கோல் நசுங்கி நொறுங்கிக் கிடக்கும், மெத்தைக்குள் பத்து நாளில் தூளாகிவிடும். கையறுப்பு வைக்கோல்தான் வேண்டும். மாப்பிள்ளைச் சம்பா போன்ற உயரமான பாரம்பரிய ரகம் பயிரிட்டவரிடம் கேட்டால் நீளத் தாள் கிடைக்கும். குறுவை வைக்கோல் மழையில் நனைந்தது, உள்ளே பூசணம் பிடிக்கும். எந்த வைக்கோலாக இருந்தாலும் இரண்டு வெயில் காயவைத்து, அடித்தூரை ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு, மேல் தாளை மட்டும் எடுங்கள். தூர்க்கட்டை குத்தும்.

யூரியா சாக்கைத் தொடவே வேண்டாம். பிளாஸ்டிக் இழை வியர்வையை உறிஞ்சாது, சூட்டை அடக்கிவைக்கும். ஒட்டியிருக்கும் உரம் புண்ணில் எரியும். ஸ்பாஞ்சும் அப்படித்தான். கையால் அமுக்கும்போது சுகமாகத் தெரியும், 15 கிலோ ஏறியதும் தாளாக நசுங்கிவிடும். பஞ்சு வியர்வையில் கட்டிபடும். தேங்காய் நார் முரடு, மெத்தைக்கு உதவாது.

5. முதுகை அளவெடுப்பது

பிராணி சமதரையில் நான்கு காலையும் ஒழுங்காக ஊன்றி நிற்க வேண்டும். தலையை ஒருவர் பிடிக்கட்டும். கட்டுக்கம்பியை நான்கு இழையாக முறுக்கி, முதுகின் குறுக்கே வைத்து இரு பக்கமும் அழுத்தி வளையுங்கள். மூன்று இடத்தில் எடுக்க வேண்டும்: தோள் எலும்பின் பின்விளிம்பிலிருந்து மூன்று விரல் தள்ளி ஒன்று, நடு முதுகில் ஒன்று, கடைசி விலாவுக்கு முன்னால் ஒன்று. ஒவ்வொரு முறையும் கம்பியை அலுங்காமல் எடுத்து அட்டையில் வைத்து வரைந்து, முன், நடு, பின் என்று எழுதுங்கள். மூன்று வளைவும் ஒன்றுபோல இருக்காது. முன்னால் கூர்மையாகவும் பின்னால் அகலமாகவும் இருக்கும். முன்வளைவை மட்டும் எடுத்து இரண்டு கவையையும் ஒரே விரிவில் செய்தால் பின்கவை விலாவைக் கவ்விப் பிடிக்கும்.

கடைசி விலாவைத் தாண்டிச் சேணம் போகக்கூடாது. அதற்குப் பின்னால் தாங்க எலும்பில்லை, கீழே சிறுநீரகம். இந்த எல்லைக்குள் சாதாரணக் கழுதையில் இரண்டு சாண், அதாவது 45 செ.மீ. நீளம் கிடைக்கும்.

6. மெத்தை தைப்பது

இடம் ஒன்று, வலம் ஒன்று, இரண்டு தனி மெத்தைகள். தைத்து முடிந்தபின் ஒவ்வொன்றும் 45 செ.மீ. நீளம், 35 செ.மீ. இறக்கம், 8 செ.மீ. கனம் இருக்க வேண்டும். கனத்துக்கும் தையலுக்கும் சேர்த்துச் சாக்கை 57-க்கு 47 என்று வெட்டுங்கள். தோலில் படும் பக்கத்துக்கு வேட்டித் துணி. புது வேட்டியாக இருந்தால் கஞ்சி போகும்வரை துவைத்த பிறகே தைக்க வேண்டும். சணல் நேராகத் தோலில் பட்டால் தேய்க்கும்.

மூன்று பக்கம் தைத்து, முதுகெலும்பை ஒட்டி வரும் மேல்பக்கத்தைத் திறந்து விடுங்கள். வைக்கோலை விரலால் கோதி, தாள் அத்தனையும் முதுகுவாக்கில் நீளமாகப் படும்படி அடுக்கடுக்காக வையுங்கள். சுருட்டித் திணிப்பதுதான் எல்லோரும் செய்வது. சுருட்டிய இடம் கட்டியாகி, பாரம் ஏறியதும் அந்த ஒரே புள்ளியில் அழுத்தும். ஒரு மெத்தைக்குக் கிட்டத்தட்ட ஒன்றேகால் கிலோ பிடிக்கும். ஒவ்வொரு அடுக்குக்கும் தடியால் தட்டுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் ஒரு விரல்கடை அமுங்கி, எடுத்ததும் எழும்ப வேண்டும். அதுதான் பதம். நான்கு விரல் இடைவெளியில் மெத்தைக்குக் குறுக்கே ஊடுதையல் போடுங்கள், வைக்கோல் கீழே இறங்காது. முடிச்சு எல்லாம் வெளியே சாக்குப் பக்கம் வரட்டும், ஒன்றுகூடத் தோல் பக்கம் இருக்கக்கூடாது.

மேல்வாயைக் கெட்டியாகத் தைத்து மூடாதீர்கள், பெரிய தையலாகப் போட்டு விடுங்கள். முதல் இரண்டு வாரத்தில் மெத்தை அமுங்கும், பிரித்து மறுபடி அடைக்க வேண்டிவரும்.

இரண்டு மெத்தைகளையும் மேல்விளிம்பில் மூன்று நாடாத் துண்டுகளால் இணையுங்கள். இடையில் நான்கு விரல் அகலம், 8 செ.மீ. வாய்க்கால் மாதிரி திறந்திருக்க வேண்டும். முதுகெலும்பு அந்த வாய்க்காலில் காற்றோட்டமாக இருக்கும்.

7. மரச்சட்டம்

கவை இங்கே தலைகீழாக உட்காரும். இரண்டு கிளையும் கீழ்நோக்கிப் பக்கத்துக்கு ஒன்றாக இறங்கும், தண்டு மேலே நிற்கும். தண்டை நான்கு விரல் உயரத்துக்கு மேல் விடாதீர்கள், பொதிக் கயிற்றை மாட்ட அது போதும். மணிக்கட்டுப் பருமன் போதுமானது. பூவரசைச் சொல்வதற்குக் காரணம், வளைந்த கிளை எளிதில் கிடைக்கும், முறுக்கினாலும் சீக்கிரம் பிளக்காது. சவுக்குக் கிளை நேராக வளரும், இதற்குச் சரிப்படாது.

பக்கப் பலகை 45 செ.மீ. நீளம், 10 அகலம், 2 கனம். இரண்டு நுனியையும் உள்பக்கம் இழைத்து, தோணியின் அடிபோல லேசாகத் தூக்கலாக விடச் சொல்லுங்கள். தட்டையாக விட்டால் நடக்கும்போது நுனி தோளிலும் பின்விலாவிலும் மாறி மாறிக் குத்தும். புண்ணில் பெரும்பங்கு இந்த நுனிகளால் வருவதுதான்.

கவையையும் பலகையையும் மர ஆணியால் பிணைத்து, துளையிட்டுக் கயிறும் கட்டுங்கள். இரும்பாணி வேண்டாம். மரம் சுருங்கும்போது ஆணி தலைநீட்டும். கழுதைக்கும் குதிரைக்கும் வில்வாதம் (டெட்டனஸ்) சட்டென்று பிடிக்கும், துரு ஆணிக் காயம் ஒன்று போதும் உயிரை எடுக்க. அதற்கான தடுப்பூசியை வாங்கிய வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.

பலகைக்கு அடியில் மெத்தையைக் கட்டி முதுகில் வைத்துப் பாருங்கள். இரண்டு பேர் சட்டத்தின் மேல் கையூன்றி அழுத்தும்போது, முதுகெலும்புக்கும் கவையின் கூட்டுக்கும் நடுவில் நான்கு விரல் நுழைய வேண்டும். நுழையாவிட்டால் கவையை மாற்றுங்கள். மெத்தையைக் கனமாக்கி ஈடுகட்டப் பார்க்காதீர்கள், அமுங்கியதும் பழைய கதைதான். சேணம் முழுவதும் 6 கிலோவுக்குள் அடங்க வேண்டும்.

8. வார்கள்

வயிற்றுவாருக்குக் கட்டில் நாடாவை இரட்டை அகலமாகச் சேர்த்துத் தையுங்கள். கயிறு அறுக்கும். முன்கால் முட்டிக்கு மேலுள்ள கணுவிலிருந்து நான்கு விரல் பின்னால் வயிற்றைச் சுற்றி வர வேண்டும், இரண்டு விரல் நுழையும் இறுக்கம். கட்டும்போது பிராணி மூச்சை இழுத்துப் பிடிக்கும், பத்து நிமிடம் நடத்திவிட்டு மறுபடி இறுக்குங்கள்.

ஆற்றுக் கரை ஏறும்போது சேணம் பின்னால் சரியாமல் இருக்க மார்வார், இறங்கும்போது முன்னால் சரியாமல் இருக்கப் பின்தொடையைச் சுற்றும் வார். மார்வார் மூச்சுக்குழலுக்குக் கீழே கிடக்க வேண்டும். வாலுக்கு அடியில் கயிறு போட்டு இழுத்துக் கட்டும் பழக்கம் பல இடங்களில் உண்டு. அந்த இடத்துத் தோல் மிக மெல்லியது, புண் வந்தால் ஈ மொய்த்துப் புழு வைத்துவிடும். தொடைவாரே போதும்.

9. பழக்குவதும் ஏற்றுவதும்

முதல் வாரம் வெறும் சேணம், தினம் அரை மணி. இரண்டாம் வாரம் வைக்கோல் அடைத்த இரு சாக்குகள், சலசலப்புக்குப் பழகும். மூன்றாம் வாரம் பக்கத்துக்கு 5 கிலோ, பிறகு படிப்படியாக.

பொதியைக் கண்மதிப்பில் பிரிக்காதீர்கள். தொங்கு தராசில் நிறுத்து, இரண்டு பக்கமும் ஒரு கிலோவுக்கு மேல் வித்தியாசம் இல்லாமல் பாருங்கள். சாய்ந்த பொதியைச் சரிக்கட்ட எடை குறைந்த பக்கத்தில் கல் வைப்பார்கள். சுமை கூடுவதுதான் மிச்சம், கனமான பக்கத்திலிருந்து எடுங்கள். ஏற்றுவதும் இறக்குவதும் இருவர் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும். ஒரு பக்கம் மட்டும் தொங்கினால் சட்டம் புரண்டு முதுகெலும்பில் ஏறும். கடைசிக் கட்டு உருவாஞ்சுருக்காக இருக்கட்டும். வாய்க்காலில் தவறி விழுந்தால் ஒரே இழுப்பில் பொதி கழன்றுவிடும்.

வாழைத்தாரை வெட்டுவாய் வெளிப்பக்கம் பார்க்க வைத்துச் சருகு சுற்றுங்கள், பால் மெத்தையில் வடிந்தால் காய்ந்து பாறையாகும். வேதாரண்யம் பக்கம் உப்பு ஏற்றுபவர்கள் பைக்கும் மெத்தைக்கும் நடுவில் தார்ப்பாய் போட வேண்டும். உப்புநீர் இறங்கிய மெத்தை தோலை அரித்துவிடும்.

10. மாட்டுக்கு மாற்ற வேண்டியவை

சேணம் திமிலுக்குப் பின்னால் உட்கார வேண்டும், திமிலைத் தொடவே கூடாது. நம் நாட்டு மாட்டுக்குத் தோல் தொளதொளப்பு, அதனால் சேணம் கழுதையைவிட அதிகமாக வழுக்கும். மெத்தையை 60-க்கு 45 செ.மீ. ஆக்கி, வயிற்றுவாரை இரண்டாகப் போடுங்கள். மரச்சட்டம் இல்லாமல், கனத்த மெத்தையின் மேல் இருபுறமும் தொங்கும் இரட்டைப் பையைப் போட்டும் ஓட்டலாம். பழைய பொதிமாட்டுக்காரர்கள் கண்டாளம் என்று சொன்னது இதைத்தான். அப்போதும் மெத்தை நடுவில் வாய்க்கால் இருந்தாக வேண்டும்.

மாட்டின் எடையை நாடாவால் கணிக்கலாம். முன்கால்களுக்குப் பின்னால் மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதே எண்ணால் பெருக்கி, தோள்முனையிலிருந்து புட்ட எலும்பு வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660-ஆல் வகுத்தால் ஏறத்தாழ கிலோ வரும். சுற்றளவு 58, நீளம் 50 என்றால் சுமார் 255 கிலோ.

11. இறக்கிய பிறகு

பொதியை இறக்கியதும் சேணத்தை உருவாதீர்கள். வாரைத் தளர்த்திப் பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விடுங்கள், அழுந்திய தோலுக்கு ரத்தம் மெதுவாகத் திரும்பும். பிறகு எடுத்து வியர்வைத் தடத்தைப் பாருங்கள். மெத்தை பட்ட இடம் முழுதும் ஒரே சீராக நனைந்திருந்தால் சரி. நனைந்ததன் நடுவே உள்ளங்கையளவு காய்ந்த திட்டு இருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். ரோமம் கலைந்திருந்தால் உரசல். சாயங்காலம் மறுபடி தடவிப் பாருங்கள், வீக்கம் சில மணி நேரம் கழித்துத்தான் எழும்பும்.

அழுத்தம் தெரிந்தால் அந்த இடத்தில் வைக்கோலை எடுங்கள். கூடுதல் துணி வைப்பது செருப்பு கடிக்கிற காலுக்கு இரண்டு காலுறை போடுவது மாதிரி, அழுத்தம் ஏறத்தான் செய்யும்.

தோல் உரிந்துவிட்டால் பொதி நின்றது. கொதித்து ஆறிய உப்புத் தண்ணீரில் கழுவி, கால்நடை மருந்தகத்துக்குப் போங்கள். நடக்க முடியாத நிலை என்றால் 1962-க்குப் போன் செய்தால் கால்நடை மருத்துவ வண்டி வரும். கிரீஸ், எஞ்சின் ஆயில், சுண்ணாம்பு எதையும் தடவ வேண்டாம். புண் ஆறி ரோமம் முளைக்கும்வரை சேணம் ஏறக்கூடாது. கழுதைக்கு மூக்கில் சளியும் தோலில் கொப்புளமும் சேர்ந்து வந்தால் கையால் தொடாமல் உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள். மனிதருக்கும் தொற்றும் கிளாண்டர்ஸ் நோயாக இருக்கலாம்.

12. சேணத்தை வைத்துக்கொள்வது

வேட்டித் துணிப் பக்கத்தை வேலை முடிந்ததும் மேலே திருப்பி வெயிலில் காட்டுங்கள். வியர்வை உப்பு காய்ந்து மொறமொறத்தால் தூரிகையால் தேய்த்து உதிர்க்க வேண்டும். வாரம் இரண்டு முறை ஈரத்துணியால் துடைத்துக் காய வையுங்கள். மெத்தையை முழுதாகத் தண்ணீரில் முக்கினால் உள்வைக்கோல் காயாமல் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் சுவரில் சாய்க்காமல், அடுப்புப் புகை எட்டும் உத்தரத்தில் இரண்டு கம்பியால் தொங்கவிடுங்கள். கயிற்றில் தொங்கவிட்டால் எலி இறங்கிவிடும். வைக்கோலில் ஒட்டியிருக்கும் நாலு நெல்லுக்காக ஒரே ராத்திரியில் மெத்தையைக் கிழித்துப்போடும். தை அறுவடை வைக்கோல் வந்ததும் மேல்வாயைப் பிரித்து, பழையதைக் கொட்டிவிட்டுப் புதிதாக அடையுங்கள். அதற்கு ஒரு பகல் போதும்.